குவியல் மூன்று: மன்னார்க் கரையில் உடைமையும் உரிமமும்

எங்கள் வாப்பா தாழ்வுபாட்டுப் பக்கம் வாங்கிப்போட்ட பனங்காணியின் உறுதி இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நொத்தாரிசு எழுதும் பழைய தமிழில் நாலு எல்லைகளும் சொல்லப்பட்டு, அவற்றுக்குள் அடங்கிய வான்பயிர், செய்பயிர், கிணறு, அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழி எல்லாம் வரிசையாக வருகின்றன. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றிய வேளையில், எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளம் ஏறிய எங்கள் உம்மா கொண்டுவந்த சில பொருட்களில் இந்த உறுதியும் ஒன்று. புத்தளத்தில் இருந்த இரண்டு தசாப்தங்களும் அதை அடிக்கடி எடுத்து வாசிப்பேன். வாசிக்கும் போதெல்லாம் பனையும் கிணறும் கண்ணில் தெரியும். அந்த வரிசையில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிச் சில வருடங்கள் கழித்து ஒரு தரகர் வீடு தேடி வந்தார். காணியை விற்பீர்களா என்று கேட்டார். பனை எத்தனை என்று கேட்கவில்லை. கிணற்றில் நன்னீரா உவரா என்றும் கேட்கவில்லை. காணி வாங்க வந்தவர் இவ்விரண்டையும் கேளாதிருந்தது எனக்குப் புதுமையாகப் பட்டது.

"மேல்காணிக்குத்தான் விலை, சேர்" என்றார்.

"அப்ப கீழே இருக்கிறதுக்கு?"

"அது உங்கட இல்லைதானே சேர். அரசாங்கத்தின்ட."

மனிதர் சொன்னது சட்டப்படி சரி. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டம், மண் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கனியம் குடியரசுக்கே உரியது என்கிறது. அதைத் தேடவும் அகழவும் அதே சட்டத்தின்கீழ் அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். மணலும் களிமண்ணும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் கனியமே. என் காணியின் மணலை ஒரு டிராக்டர் அள்ளி விற்க நினைத்தாலும் உரிமம் இல்லாமல் ஆகாது. உறுதியில் விடுபட்டிருந்த பொருள் அடிமண்.

மன்னார்த் தீவின் அடிமண்ணில் அப்படி என்ன இருக்கிறது? மழைக்குப் பிறகு கடற்கரையில் நடந்தவர்கள் வெள்ளை மணலின் இடையே கரிக்கோடு போட்டதுபோல் ஓடும் கறுப்பு மணலைப் பார்த்திருப்பார்கள். சிறு பராயத்தில் காந்தத் துண்டொன்றைக் கட்டி இழுத்து விளையாடுவோம். கறுப்புப் பொடி சில அதில் ஒட்டி வரும். இல்மனைட் அந்தக் கறுப்பு மணலோடு சேர்ந்தது. இரும்பும் டைட்டேனியமும் கலந்த தாது. அதனோடு ரூட்டைல், சேர்க்கோன், காணெட் என்று வேறு கனிய மணல்களும் உண்டு. இந்தக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கப்படும் டைட்டேனியம் ஒட்சைட்டு உலகத்தின் வெள்ளைப் பெயின்ற்றுக்கும் கடதாசிக்கும் பற்பசைக்கும் வெண்மை தருகிறது.

அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற கொம்பனி, இத்தீவில் ஆய்வு உரிமங்களை வைத்திருந்த நிறுவனத்தை 2018இல் வாங்கியது. தீவெங்கும் ஆயிரக்கணக்கான துளைகள் இடப்பட்டன. 2020இல் அக்கொம்பனி வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இங்கே 26 கோடித் தொன்னுக்கு மேல் மணலில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூடிய பார கனியங்கள் இருக்கின்றன. கணக்கிட்டால் ஒரு கோடித் தொன்னுக்கு மேல். இந்த மணலில் ஒரு பிடிகூட அப்போது விற்கப்படவில்லை. 2025இல் மன்னார் நகரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் நாள்கணக்கில் தெருவில் இருந்தபோதும் அகழ்வு தொடங்கியிருக்கவில்லை. ஆனாலும் மணலுக்கு மதிப்பு பிறந்துவிட்டது. குடியரசின் உடைமை என்பது ஒரு வாக்கியம். அதைத் தோண்டுவதற்கு முன்னுரிமை தரும் உரிமமோ சந்தையில் பங்காகி, அறிக்கைக்கு அறிக்கை ஏறி இறங்கும். தரகர் என்னிடம் வாங்க வந்தது இந்த இரண்டையுமல்ல. அந்த உரிமம் தரையில் கால் பதிப்பதற்கு இடையூறாக இருக்கும் பனையையும் வேலியையும் என் சம்மதத்தையும்தான் அவர் வாங்க வந்தார்.

மன்னாருக்கு இது புதிய அனுபவமா என்று தேடிய பிறகுதான் வரலாற்றுப் பக்கம் போனேன். புதிதே அல்ல. உடைமை ஒருவரிடமும், எடுக்கும் உரிமை இன்னொருவரிடமும், மூச்சடக்கி எடுக்கும் வேலை மூன்றாமவரிடமும் இருப்பதை இந்தக் கடல் பல நூற்றாண்டுகள் பார்த்திருக்கிறது. அன்று அது கடலடியில் கிடந்த முத்து.

1344இல் இலங்கைக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததைச் சொல்கிறார். மன்னன் முன்னே முத்துக்கள் குவிந்து கிடக்க, ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என்று மன்னன் கேட்கிறான். பாரசீகக் குடாவில் கண்டேன், ஆனால் இந்தத் தரம் அங்கில்லை என்கிறார் பயணி. மன்னன் மகிழ்ந்து அம்முத்துக்களை அவருக்கே கொடுத்துவிடுகிறான். பயணிகளுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லத் தெரிந்தவர் இப்னு பதூதா! ஆனால் அவருடைய நூலில் நமக்கு வேண்டியவை வேறு இரண்டு இடங்கள். பாரசீகக் குடாவில் ஐந்தில் ஒன்று சுல்தானுக்குப் போனது. மிச்சத்தை வள்ளங்களில் காத்திருந்த வியாபாரிகள் எடுத்தார்கள். அவர்களில் அநேகர் குளிகாரருக்கு ஏற்கெனவே கடன் கொடுத்தவர்கள், எனவே முத்து கடனிலே கழிந்தது என்று அவர் எழுதுகிறார். இலங்கையின் மாணிக்கம் பற்றியோ, நிலத்தை விலைக்கு வாங்கியவர் அதில் தோண்டி எடுக்கலாம், ஆனால் நூறு பணத்துக்கு மேல் மதிப்புள்ள கல்லை மன்னன் விலை கொடுத்து எடுத்துக்கொள்வான், அதற்குக் குறைந்தது கண்டவருக்கே என்கிறார். மன்னன் விலை கொடுத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்னே வந்த மார்க்கோ போலோவும் இந்தக் குடாவின் கணக்கைச் சொல்கிறார். வியாபாரிகள் மன்னனுக்குப் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. இந்தக் கடல்கட்டிகள் பிரித்தானியர் காலம்வரை முத்துக்குளிப்பின் ஓர் அங்கமாக இருந்தார்கள். அறிவியல் பேசிய அதிகாரிகளாலும் அவர்களை அகற்ற முடியவில்லை. கடல்கட்டி கரையில் நில்லாமல் குளிகாரர் நீரில் இறங்க மறுத்தார்கள்.

எடுக்கும் உரிமைக்காக இரத்தமும் சிந்தியிருக்கிறது. முத்துத் துறையில் காயல், கீழக்கரை முஸ்லிம்களுக்கும் பரவர்களுக்கும் இடையே மூண்ட பகையில், 1530களில் பரவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1538இல் வேதாளையில் குஞ்ஞாலியின் கடற்படை தோற்றது. 1560இல் மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். நம் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் இதைப் பேசும்போது இன்னும் குரல் மாறுவதுண்டு. நான் சொல்ல விரும்புவது ஒன்றே. சண்டையிட்ட இரு சாராருமே பார்களின் உடைமைக்காகச் சண்டையிடவில்லை. அது எப்போதும் மேலே இருந்த யாரோ ஒருவருடையதாகவே இருந்தது. சண்டை, குளிக்கும் உரிமைக்கும் பங்குக்கும்தான்.

அந்தப் பங்கின் கணக்கு மிகத் தெளிவாகக் கிடைப்பது பிரித்தானியர் காலத்தில். தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட வெறும் மணலில், குளிப்புக் காலத்தில் மாத்திரம் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரம் எழும்பும். அரிப்பில் முதல் ஆங்கில ஆள்பதி பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகை அந்தப் பார்களைப் பார்த்தபடியே நின்றது. கடல் அரித்து விழுந்துகொண்டிருந்த அதன் சுவர்களை நானும் கண்டிருக்கிறேன். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீகக் குடா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவார்கள். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வுல்ஃப், 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அதிகாரியாக வேலை பார்த்தவர். அரபுக் குளிகாரர் ஒருவரின் ஜனாஸாவைப் பற்றி அவர் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதை நம்மில் பலர் வாசித்திருக்க மாட்டோம். வாசிக்க வேண்டும்.

வள்ளங்கள் பிற்பகலில் கரை சேரும். சிப்பியை வேறெங்கும் இறக்க முடியாது. 'கோட்டு' என்று அழைக்கப்பட்ட அரசாங்க அடைப்புக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே குளிகாரரே தங்கள் சிப்பியை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். அரசாங்க ஆள் வந்து எந்த இரண்டு அரசுக்கு என்று காட்டுவார். மிஞ்சிய ஒன்று குளிகாரருக்கு. பிரிப்பது ஒருவர், தெரிவது மற்றவர் என்பதால் குவியல்களைக் குறுக்கிப் பெருக்கி ஏமாற்ற வழி இல்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு வட்டிலப்பம் பங்கிடும் முறையும் இதுவேதான். அரசின் இரண்டு குவியல்களும் அன்று மாலையே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் போகும். குளிகாரர் தம் மூன்றிலொன்றைத் தோளில் சுமந்து வாசலைத் தாண்டியதும், கைச்சிப்பி வாங்கும் சில்லறை வியாபாரிகள் மொய்த்துக்கொள்வார்கள்.

இதைப் பொற்காலமாக்கிப் பேசும் எண்ணம் எனக்கில்லை. குளிகாரரின் பங்கு எல்லாக் காலத்திலும் மூன்றிலொன்றாக இருக்கவில்லை. நாலிலொன்றாக இருந்ததும் உண்டு. சம்மாட்டிக்கும் கயிறு பிடிக்கும் மண்டாடிக்கும் அதிலேயே கொடுக்க வேண்டும். சுறாவுக்கு இரையானவர்களும் கொலராவில் மாண்டவர்களும் எந்தக் குவியலிலும் சேரவில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதும், இப்னு பதூதா குடாவில் கண்டதுபோல், இங்கேயும் நடந்தது. நம் தனவந்தர்கள் சிலரின் செல்வம் அந்த வாசலில் நின்றே சேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஓர் அம்சம் இருந்தது. கடலின் உடைமை தனக்கே என்று சொன்ன ஏகாதிபத்தியம்கூட, எடுத்தவருக்கு எடுத்த பொருளிலேயே பங்கு கொடுத்தது. கூலி அல்ல, நட்டஈடு அல்ல, பங்கு. சிப்பிக்குள் நல்ல முத்து இருந்தால் அந்த அதிர்ஷ்டமும் அவருடையதே.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வந்தது. இந்த எண்ணைக் கண்டு இலண்டனில் ஒரு கொம்பனி எழுந்தது. 1906இல் இலங்கை அரசு தன் முத்துப் பார்களை 20 வருடத்துக்கு, வருடத்துக்கு 3,10,000 ரூபா வாடகையில் அக்கொம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பேராசிரியர் ஹேர்ட்மன் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1903 தொடக்கம் 1906வரை ஐந்து பாகமாக வெளிவந்திருந்த காலம் அது. அறிவியலும் முதலும் கைகோத்துவிட்டன. இனிக் கடல் கணக்குப்படி விளையும் என்று நம்பினார்கள். கடல் கணக்குப் பார்க்கவில்லை. 1907க்குப் பிறகு பெரிய பாரிலும் சேவல் பாரிலும் குளிக்கத்தக்க சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கொம்பனி கலைந்துபோயிற்று. 1925இல் நடந்த குளிப்போடு அந்தப் பெரும் மரபும் ஓய்ந்தது.

உடைமையாளன் வாடகை வாங்கினான். உரிமம் வாங்கியவன் நட்டப்பட்டான் என்று இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். மறிச்சுக்கட்டி மணலில் காத்திருந்த குளிகாரரை எண்ணினால் சிரிப்பு வராது. முத்துச் சிப்பிக்கு ஒரு குணம் உண்டு: பத்து, இருபது வருடம் காணாமற்போய் மறுபடி வரும். கறுப்பு மணலுக்கு அந்தக் குணம் இல்லை. அது ஒரு முறைதான்.

இந்த விஷயத்தில் நமது ஃபிக்ஹு நூல்கள் வியக்கத்தக்க அளவு பேசியிருக்கின்றன. அப்யழ் இப்னு ஹம்மால் என்ற தோழர் யமனின் மஃரிபில் உள்ள உப்புப் பூமியைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத ஊற்று நீரைப் போன்றது என்று சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்தச் செய்தி வருகிறது. மறுபுறம், பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு கபலிய்யாவின் சுரங்கங்கள் ஒதுக்கப்பட்டதை முவத்தா சொல்கிறது. அதே பிலாலுக்கு அகீக்கில் கொடுக்கப்பட்ட நிலத்தில் அவரால் பயன்படுத்த முடியாத பகுதியை உமர் (ரலி) திரும்ப எடுத்ததும் பதிவாகியிருக்கிறது. உரிமத்தைப் பெற்றுக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க அங்கே இடமில்லை.

இவற்றை வைத்து அறிஞர்கள் கனிமத்தை இரண்டாக வகுத்தார்கள். உப்பு, சுர்மா, நிலநெய் போல உழைப்பின்றி வெளியே தெரிந்து கிடப்பது ழாஹிர். பொன், செம்பு, இரும்பு போல உழைத்து வெளிக்கொணர வேண்டியது பாத்தின். முதலாவதை எவருக்கும் தனியே ஒதுக்க முடியாது. நீர்போல அது எல்லாருக்கும் பொது என்கிறார் ஷாஃபிஈ அறிஞரான மாவர்தீ. இரண்டாவது ஒருவருடைய சொந்த நிலத்தில் இருந்தால் அது நிலக்காரருக்கே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் போக்கு. மாலிக்கி மத்ஹபில் பிரபலமான கருத்தோ, நிலம் யாருடையதானாலும் கனிமம் ஆட்சித் தலைவரின் பொறுப்பிலே என்பது. இலங்கையின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது, தொழுகையில் ஷாஃபிஈயாக இருக்கும் நாங்கள் சுரங்கத்தில் மாலிக்கியாகிவிட்டோம் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்த மத்ஹபில் கனிமம் ஆட்சித் தலைவரிடம் போவது முஸ்லிம்களின் பொது நன்மைக்காக. கஜானாவுக்குச் சிறு ராயல்ட்டி வாங்கிக்கொண்டு மற்றதைப் பங்குச் சந்தையிடம் விடுவதற்காக அல்ல. கறுப்பு மணல் ழாஹிரா, பாத்தினா? வெளியே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிரித்தெடுக்க இயந்திரம் வேண்டும். நம் உலமாக்கள் யாராவது இதை எடுத்துப் பேசினால் நன்று.

ஷாஃபிஈ மத்ஹபினரான மாப்பிளாமார் வாழும் மலபாரில் நவீன நீதிமன்றம் ஒன்று இதே கேள்விக்கு வேறு விடை சொல்லியிருக்கிறது. பிரித்தானியர் காலத்து ஜன்மி நிலங்களின் அடியில் உள்ள கனிமம் யாருக்கு என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டமுறையாகப் பறிக்கப்படாதவரை அடிமண்ணும் கனிமமும் நிலக்காரருக்கே என்று 2013 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்ஹபைப் பார்த்து வந்த தீர்ப்பல்ல அது. ஆனாலும் அங்கேகூட அகழ்வதற்கு அரசின் அனுமதி வேண்டும். உடைமையை வென்றவர்கள் மறுபடி உரிமத்தின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

நம் நாட்டிலும் உடைமையும் உரிமமும் ஒரே கையில் இருந்த உதாரணம் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புல்மோட்டையில் 1957இல் அமைக்கப்பட்ட அரச கூட்டுத்தாபனமே கனிய மணலை எடுத்தது. தனியார் இலாபம் என்ற பேச்சு அங்கே எழவில்லை. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. அந்த ஊரில் பாதி நாள் நின்றிருக்கிறேன். மூன்றாவது குவியல் எங்கே என்று அங்கேயும் தேடினேன்.

தரகர் வந்துபோன கிழமை காணியைப் பார்க்கத் தாழ்வுபாட்டுக்குப் போனேன். மன்னார் நகரிலிருந்து தென்கரையோடு போனால் வரும் கத்தோலிக்க மீனவர் ஊர். 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகளின் முப்பது கோபுரங்கள் அந்தக் கரையோரமாக நிற்கின்றன. எங்களுக்கு ஊர் இல்லாதிருந்த காலமெல்லாம் எங்கள் காணி வேலியைப் பார்த்துக்கொண்டவர் அவ்வூர்க் கரைவலைக்காரர் ஒருவர். வயதில் என்னிலும் மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். காணிக்குள் இரண்டு இடத்தில் துளையிட்ட அடையாளம் இருந்தது. யார் வந்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

'பாடு' என்பது கரைவலை இழுக்கும் கரைத்துண்டுக்கு எங்கள் பக்கத்துச் சொல். பாட்டுக்காரருக்கு அந்தக் கரை சொந்தமில்லை, கடலும் சொந்தமில்லை. வலை இழுக்கும் உரிமை மட்டும் உண்டு. அதற்கும் முறை, அனுமதி எல்லாம் இருக்கிறது. மீன் விற்ற பணம் வலைக்கும் வள்ளத்துக்கும் கயிறு இழுத்த ஒவ்வொருவருக்கும் பங்காகப் பிரியும். கனியச் சட்டத்தைப் பற்றி நான் விளக்கிச் சொன்னதை அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அப்ப இதில எங்கட பங்கு எவ்வளவு, மாஸ்டர்?"

பங்கு இல்லை, விரும்பினால் காணிக்கு விலை உண்டு என்றேன். அவர் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். இந்தத் தீவில் நன்னீர் என்பது மணலுக்குள் மழை தேங்கி, கீழே உள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. ஆழமாகத் தோண்டினால் உவர்தான். கனியத்தைப் பிரித்த பின் மீதி மணலைத் திரும்பவும் நிரப்பிவிடுவோம் என்று கொம்பனிப் பக்கம் சொல்லப்படுகிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு திரும்பி வரும், உண்மைதான். கிளறிய மணலில் அந்த நீர்ப்படை பழையபடி அமையுமா என்பதைத்தான் துளையிட வந்தவர்கள் எங்களிடம் சொல்லவில்லை.

தண்ணீர் இனிப்பாக இருந்தது. இருவரும் குடித்தோம். தரகர் அதற்குப் பின் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தார். இரண்டாம் தடவை விலை கூடியிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் புத்தளத்திலேயே நிலைத்துவிட்டவர். மகளின் கல்யாணச் செலவுக்கென்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் உறுதி அலுமாரியில், உம்மா சுற்றிக் கொண்டுவந்த அதே பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.